மாநாட்டுக்குப் போக எந்த நிதியைக் கேட்பது? டாஃப், கான் ஆர் பஸ்ட், மாநாட்டு உதவித்தொகை: ஓர் ஒப்பீடு

அறிவியல் புனைகதை வாசிப்பவர்களில் பலருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது உலக அறிவியல் புனைகதை மாநாடான வேர்ல்ட்கானுக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆசை வந்து நிற்கும் இடம் பணம். ரசிகர்களே நடத்தும் உதவி நிதிகள் சில இருக்கின்றன என்று தெரிந்ததும் அடுத்த குழப்பம் தொடங்குகிறது. வாக்கெடுப்பில் ஒருவரைத் தேர்ந்து அனுப்பும் டாஃப் நிதியின் தேர்தலில் நிற்கலாமா, வெள்ளையரல்லாத ரசிகர்களுக்கு உதவும் கான் ஆர் பஸ்ட் நிதிக்கு விண்ணப்பிக்கலாமா, மாநாட்டுக் குழுவிடமே கேட்கலாமா, இல்லை நண்பர்களிடம் வசூல் செய்து போய்விடலாமா? லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் கேட்பவர்களுக்கு ஒரு பதில், சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கேட்பவர்களுக்கு வேறு பதில். இரண்டையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், ஊர் திரும்பிய பிறகு அந்த நிதி உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த நிதிகளுக்குள் மிகப் பெரிய வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

## செலவு ஏன் நம் தலையில் விழுகிறது

வேர்ல்ட்கான் 1939இல் நியூயார்க்கில் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சில ஆண்டுகள் நின்றதைத் தவிர வருடந்தோறும் நடக்கிறது. ஒவ்வொரு வருடமும் வேறு ஊர், வேறு குழு. 2024இல் கிளாஸ்கோ, 2025இல் சியாட்டில், 2026க்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் உள்ள அனஹைம். நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். சிறப்பு விருந்தினர்களைத் தவிர, மேடையில் பேசுபவரும் வாசலில் அடையாள அட்டை கொடுப்பவரும்கூட உறுப்பினர் கட்டணம் கட்டித்தான் உள்ளே வருகிறார்கள். மாநாடு முடிந்து பணம் மிஞ்சினால் உழைத்தவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவது வழக்கம். ஆகவே, "கலந்துரையாடலில் பேச என் பெயர் வந்திருக்கிறது, டிக்கெட்டை அவர்களே போட்டுவிடுவார்கள்" என்று இலக்கிய விழாக்களின் கணக்கில் நினைத்துவிட வேண்டாம். விமானம், விடுதி, சாப்பாடு, விசா எல்லாம் நம் செலவு.

## எதை வைத்து எடைபோடுவது

நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, நீங்கள் அந்த நிதிக்குத் தகுதியானவரா. சில நிதிகள் நீங்கள் எந்தக் கண்டத்தில் இருக்கிறீர்கள் என்று பார்க்கும், சில உங்கள் இனப் பின்னணியைப் பார்க்கும், சில உங்கள் பொருளாதார நிலையைப் பார்க்கும்.

இரண்டாவது, யார் முடிவு செய்கிறார்கள். வாக்காளர்களா, ஒரு குழுவா, உங்கள் நண்பர்களா? இதைப் பொறுத்துத்தான் உங்கள் தயாரிப்பு அமையும். ஊரறிந்த ரசிகராக இருக்க வேண்டிய இடத்தில் கஷ்டத்தைச் சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது, பணம் எதை அடைக்கும், எப்போது கைக்கு வரும். பயணத்துக்கு முன்னால் தருவதும், ரசீதைப் பார்த்துவிட்டுப் பிறகு தருவதும் தொகையில் ஒன்றுதான். ஆனால் கடன் அட்டை இல்லாத ஒரு கல்லூரி மாணவருக்கு இரண்டாவது வகை உதவியே இல்லை.

நான்காவது, மேலே சொன்ன அந்தப் பின்வேலை. அறிக்கை எழுத வேண்டுமா, அடுத்தவருக்காகப் பணம் திரட்ட வேண்டுமா, அல்லது "போய் வாருங்கள்" என்று விட்டுவிடுவார்களா?

## தேர்தலில் வென்று போவது: டாஃப், டஃப், கஃப்

இருப்பதிலேயே பழையது டாஃப் என்னும் அட்லாண்டிக் கடந்த ரசிகர் நிதி. ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் இணைப்பது. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1949இல் அமெரிக்க ரசிகர்கள் பணம் திரட்டி, பிரிட்டிஷ் இதழாசிரியர் டெட் கார்னலை சின்சினாட்டி வேர்ல்ட்கானுக்கு வரவழைத்தார்கள். அடுத்து பெல்ஃபாஸ்ட்காரரான வால்ட் வில்லிஸ். கையால் எழுத்துக் கோத்து அச்சிட்ட ஃபேன்சைன் (ரசிகர்களே வெளியிடும் சிற்றிதழ்) ஒன்றின் ஆசிரியர் அவர். அவரை 1952இல் சிகாகோவுக்குக் கொண்டுவர ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஷெல்பி விக் ஒரு பிரசாரமே நடத்தினார். வில்லிஸ் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்தார், கிரேஹவுண்ட் பேருந்தில் அமெரிக்காவைச் சுற்றினார், திரும்பிப் போய் அதையெல்லாம் விரிவாக எழுதினார். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையேந்துவதற்குப் பதில் நிரந்தர ஏற்பாடு ஒன்று இருந்தால் நல்லது என்று 1953இல் டாஃப் உருவானது. அதன் மூலம் முதலில் பயணம் செய்தவர் கென் புல்மர், 1955இல், கிளீவ்லாந்துக்கு.

அதே அச்சில் வந்தவை மற்ற இரண்டும். டஃப் 1972இல் தொடங்கியது, வட அமெரிக்காவையும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பகுதியையும் இணைக்கிறது. மெல்பர்னுக்கு 1975இல் வேர்ல்ட்கானைக் கொண்டுவரும் முயற்சியோடு பிறந்த நிதி இது. கஃப் 1979இல் தொடங்கியது, ஐரோப்பாவையும் ஆஸ்திரேலியாப் பகுதியையும் இணைக்கிறது. பயணத்தின் திசை மாறி மாறி வரும். ஒருமுறை இங்கிருந்து அங்கே, அடுத்த முறை அங்கிருந்து இங்கே. கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் நிதி, ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் இணைக்கும் நிதி என்று சிறியவை வேறு இருக்கின்றன. வேலை செய்யும் விதம் ஏறக்குறைய இதேதான்.

டாஃப் எப்படி நடக்கிறது என்பதை அதன் வாக்குச்சீட்டே சொல்லிவிடும். மேலே வேட்பாளர்களின் பெயர்கள். ஒவ்வொருவருக்கும் சுமார் நூறு சொற்களில், தான் ஏன் போக வேண்டும் என்ற விளக்கம். அதன் அடியில் முன்மொழிந்த ஐந்து பேரின் பெயர்கள்: மூன்று பேர் வேட்பாளரின் கண்டத்தைச் சேர்ந்தவர்கள், இரண்டு பேர் அவர் போகப்போகும் கண்டத்தைச் சேர்ந்தவர்கள். கீழே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதும் கட்டங்கள். வேட்பாளர்களோடு கூடவே இன்னொரு தேர்வும் இருக்கும்: "இந்த முறை யாரையும் அனுப்ப வேண்டாம், பணம் அப்படியே இருக்கட்டும்." அதற்கும் கீழே வாக்காளரின் பெயர், கையெழுத்து, நன்கொடைத் தொகை. சில டாலர்களாவது கொடுத்தால்தான் வாக்கு செல்லும். நூறு டாலர் கொடுத்தாலும் ஒரே வாக்குதான். நிர்வாகிக்கு உங்களைத் தெரியாது என்றால், உங்களை அறிந்த ரசிகர் ஒருவரின் பெயரை எழுத வேண்டும்.

எண்ணும்போது ஒரு விதி முக்கியம். இரண்டு கரையிலும் விழுந்த முதல் விருப்ப வாக்குகளில், வேட்பாளர் கரைக்கு 20 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும். ஒரு உதாரணத்துக்கு, ஐரோப்பாவில் 100 பேரும் வட அமெரிக்காவில் 80 பேரும் வாக்களித்ததாக வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் 70 வாக்கு வாங்கிய ஒருவர் அமெரிக்காவில் 15 மட்டும் வாங்கினால் அவர் வெளியே. அங்கே 16 தேவை. மொத்தத்தில் அவர்தான் முன்னணி என்பது எடுபடாது. விதி கடுமையாகத் தெரியலாம். எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது. போய் இறங்கும் ஊரில் யாருக்கும் தெரியாத ஒருவரை அனுப்புவதற்கா அத்தனை பேர் காசு போட்டார்கள்?

வென்றால் என்ன கிடைக்கும்? விமானக் கட்டணமும் அடிப்படைச் செலவுகளும். பல மாநாடுகள் வென்றவருக்கு உறுப்பினர் கட்டணத்தைத் தள்ளிவிடும். போகிற வழியில் உள்ள ரசிகர்கள் வீட்டில் இடம் கொடுப்பார்கள், விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போவார்கள், ஊர் சுற்றிக் காட்டுவார்கள். மாநாட்டுக்கு முன்னும் பின்னும் சில நாட்கள் சேர்த்துக்கொண்டு பல ஊர்களுக்குப் போய்வருபவர்களே அதிகம். வேறு எந்த நிதியும் தராத விஷயம் இது. தெரியாத கண்டத்தில் இறங்கும்போதே உங்கள் பெயர் தெரிந்த ஐம்பது பேர் இருப்பார்கள்.

சரி, இதற்கு என்ன விலை? வென்றவர் திரும்பி வந்ததும் நிதியின் நிர்வாகி ஆகிறார். அவருடைய கரையிலிருந்து அடுத்தவர் தேர்வாகும் வரை, சுமார் இரண்டு வருடம், கணக்கு வைப்பது, தேர்தல் நடத்துவது, வாக்கு எண்ணுவது, மாநாடு தோறும் ஏலம் போடுவது எல்லாம் அவர் வேலை. ஏலம் என்றால் மேசை மேல் பழைய ஃபேன்சைன் கட்டு, கையெழுத்துப் போட்ட புத்தகம், மாநாட்டு டி ஷர்ட்டு, யாரோ பின்னிய தொப்பி என்று அடுக்கிவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லி, ஐந்து டாலர் பெறாததை இருபதுக்கு விற்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது லேசுப்பட்ட வேலையல்ல. அப்புறம் பயண அறிக்கை. கட்டாயம் என்று யாரும் வழக்குப் போடமாட்டார்கள், ஆனால் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். பல பேரின் அறிக்கைகள் முதல் இரண்டு அத்தியாயங்களோடு நின்றுவிட்டன. முடிக்காத அறிக்கை பல வருடம் ஒரு கடன் போல உட்கார்ந்திருக்கும்.

தோற்பதற்கும் தயாராக இருக்க வேண்டும். பெயர் போட்டு, எண்ணிக்கை போட்டு முடிவை வெளியிடுவார்கள். 1980களின் நடுவில் ஒரு டாஃப் தேர்தலைச் சுற்றி எழுந்த சண்டை இரு கரை ரசிகர்களையும் வருடக்கணக்கில் பிரித்துவைத்தது. அந்த அளவுக்கு இப்போது நடப்பதில்லை. ஆனாலும் பொதுவில் எடைபோடப்படுவது எல்லாருக்கும் ஒத்துவராது. 2020 போன்ற வருடமும் வரலாம். அப்போது தேர்தல் முடிந்தும் பெருந்தொற்றால் பயணம் தள்ளிப்போனது, நிர்வாக வேலையும் அதோடு நீண்டது.

இன்னொன்று. இந்தியாவிலோ இலங்கையிலோ வசிப்பவர் இந்த மூன்றில் எதிலும் வேட்பாளராக நிற்க முடியாது. கண்டக் கணக்கு அப்படி. ஆனால் டாஃபுக்கு வாக்களிக்கலாம். இரு கரைக்கும் வெளியே இருந்து வரும் வாக்குகள் அந்த 20 சதவீதக் கணக்கில் சேராது, மொத்தக் கணக்கில் சேரும். லண்டன், பாரிஸ், டொராண்டோ, சிட்னித் தமிழர்கள் வேட்பாளராக நிற்கத் தடையே இல்லை.

இது யாருக்கு ஏற்றது: ஏற்கெனவே ரசிகர் வட்டத்தில் சில வருடங்களாக வேலை செய்துகொண்டிருப்பவர்களுக்கு. ஃபேன்சைன் நடத்துபவர், உள்ளூர் மாநாட்டில் தன்னார்வலராக ஓடியாடுபவர், இரண்டு கண்டத்திலும் பேச்சுத் துணை உள்ளவர். கையில் காசில்லை என்பது மட்டும் காரணமாக இருந்தால் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

## கான் ஆர் பஸ்ட்

இது பிறந்த கதை வேறு. 2009இன் தொடக்கத்தில், அறிவியல் புனைகதையிலும் மிகுபுனைவிலும் வெள்ளையரல்லாதவர்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள், ரசிகர் வட்டத்தில் அவர்களுக்கு இடம் எங்கே என்பதைப் பற்றி மாதக்கணக்கில் ஒரு விவாதம் இணையத்தில் கொதித்தது. விவாதத்தோடு நில்லாமல், வெள்ளையரல்லாத ரசிகர்களை நேரில் வரவழைக்கப் பணம் திரட்டுவோம் என்று கேட் நெப்வூ என்ற ரசிகர் கிளம்பினார். முதல் இலக்கு, விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் நடந்துவந்த பெண்ணிய அறிவியல் புனைகதை மாநாடான விஸ்கான். இணையத்தில் ஏலம் விட்டுப் பணம் சேர்ந்தது. பிறகு மற்ற மாநாடுகளுக்கும் விரிந்தது.

தொடக்கத்தில் இதற்குக் குடையாக இருந்தது, அறிவியல் புனைகதை உலகில் வெள்ளையரல்லாதவர்களுக்காக இயங்கிய கார்ல் பிராண்டன் சங்கம். கார்ல் பிராண்டன் என்று யாரும் இருந்ததில்லை. 1950களில் வெள்ளைக்கார ரசிகர்கள் இருவர் கற்பனையாக உண்டாக்கி உலவவிட்ட கறுப்பின ரசிகரின் பெயர் அது. கறுப்பின ரசிகர் ஒருவரைக் கற்பனையில் உண்டாக்க வேண்டியிருந்த வட்டத்துக்கு, உயிருள்ள ரசிகர்களை அனுப்பிவைக்கும் நிதிக்கு அந்தச் சங்கமே குடை பிடித்தது என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியான விஷயம். பின்னாளில் இந்த நிதி, புதிய படைப்பாளிகளுக்குத் துணைநிற்கும் ட்ரீம் ஃபவுண்ட்ரி என்ற லாபநோக்கற்ற அமைப்பின் கீழ் வந்தது.

இதில் தேர்தல் கிடையாது. எத்தனை பேருக்கு உங்களைத் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. விருது வாங்கியிருக்கிறீர்களா, கதை வெளியாகியிருக்கிறதா என்பதும் நிபந்தனையல்ல. வெறும் வாசகராக இருந்தால் போதும். கிடைக்கும் தொகையைப் பயணம், விடுதி, சாப்பாடு, உறுப்பினர் கட்டணம் என்று எதில் பற்றாக்குறையோ அதில் போட்டுக்கொள்ளலாம். திரும்பி வந்து நிர்வாகம் பார்க்க வேண்டியதில்லை, அறிக்கைக் கடனும் இல்லை.

நம்மவர்கள் பலர் இங்கே தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். "என்னைவிடக் கஷ்டப்படுபவர்கள் இருப்பார்களே" என்பார்கள், "இனத்தைச் சொல்லி வாங்குவதா" என்பார்கள். இந்த நிதி நலிந்தவர் பட்டியல் தயாரிப்பதற்காக வந்ததல்ல. அந்தக் கூடத்தில் உங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் கொடுத்தவர்களின் விருப்பம். நீங்கள் போவதே அவர்கள் கேட்டது. தயக்கத்தை விட்டுவிட்டு விண்ணப்பத்தை அனுப்புங்கள்.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், தொகை முழுப் பயணத்துக்கும் வராது. அமெரிக்காவுக்குள்ளேயே பயணம் செய்பவருக்குப் பெரிதாகத் தெரியும் தொகை, சென்னையிலிருந்து போகிறவருக்கு விமான டிக்கெட்டின் ஒரு பகுதியாக முடிந்துவிடும். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு 2023 முதல் விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. நேர்காணல் தேதி கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். நிதி கிடைத்த பிறகு விசா பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மாநாடு முடிந்துவிடும். விசா முதலில், நிதிக்கான விண்ணப்பம் அதோடு சேர்த்து, டிக்கெட் கடைசியில்: இந்த வரிசையை மாற்றாதீர்கள். விசா கிடைக்காவிட்டால் பணத்தை என்ன செய்வது என்பதையும் விண்ணப்பிக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இது யாருக்கு ஏற்றது: ரசிகர் வட்டத்துக்குப் புதியவர்களுக்கு, முதல்முறை போகிறவர்களுக்கு, பயணத்துக்குப் பிறகு கூடுதல் வேலை எதையும் சுமக்க முடியாதவர்களுக்கு. செலவில் பாதியைச் சொந்தமாகப் புரட்டிவிட்டு மீதிக்குத் திண்டாடுபவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

## மாநாடே வைத்திருக்கும் நிதி

அண்மைக் கால வேர்ல்ட்கான்கள் பலவும் சொந்தமாக ஓர் உதவி நிதி வைத்திருந்தன. டப்ளின் 2019, சிகாகோ 2022, கிளாஸ்கோ 2024 எல்லாம் அப்படித்தான். மற்ற உறுப்பினர்கள் கட்டணம் கட்டும்போதே கூடக் கொஞ்சம் போட்டுவிட்டுப் போகும் பணம் இது. பெரும்பாலும் முதலில் கிடைப்பது இலவச உறுப்பினர் உரிமை. சில நேரம் அதற்கு மேல் தங்குமிடத்துக்கோ பயணத்துக்கோ கொஞ்சம். முடிவெடுப்பது மாநாட்டின் சிறு குழு. நடக்கும் ஊரின் வசதியற்றவர்கள், விளிம்புநிலைச் சமூகத்தினர், முதல்முறை வருபவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை கொடுப்பது பொதுவான போக்கு.

இதன் மதிப்பு உங்கள் ஊரைப் பொறுத்தது. கிளாஸ்கோவில் படிக்கும் மாணவருக்கு மாநாட்டில் ஆகும் பெரிய செலவே உறுப்பினர் கட்டணம்தான். அது இலவசமானால் அவர் பேருந்தில் போய்வந்துவிடலாம். கொழும்பிலிருந்து வருபவருக்கோ மொத்தச் செலவில் சின்னப் பங்கு அதுதான். "இலவசமாக அனுமதி கிடைத்துவிட்டது" என்ற உற்சாகத்தில் விடுதிக் கணக்கை மறந்துவிடக் கூடாது. மாநாட்டு விடுதிகள் மலிவானவை அல்ல. அறையைப் பகிர ஆள் பிடிப்பதை அன்றே தொடங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், இந்த நிதி அந்த மாநாட்டோடு பிறந்து அதோடே மறைவது. போன வருடம் யாருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்பது இந்த வருடக் குழுவைக் கட்டுப்படுத்தாது. விதியும் தேதியும் மாறும், ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்க வேண்டும். விண்ணப்பம் திறந்ததும் அனுப்பிவிடுவது நல்லது. கையிருப்பு தீர்ந்தால் அதோடு முடிந்தது.

இது யாருக்கு ஏற்றது: மாநாடு நடக்கும் ஊரிலோ பக்கத்திலோ இருப்பவர்களுக்கு. தூரத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னொரு நிதியோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

## நண்பர்கள் திரட்டித் தருவது

ரசிகர் வட்டத்தின் மிகப் பழைய வழி இதுதான், வில்லிஸ் 1952இல் போனதே இப்படித்தானே. பத்தாம் ஆண்டு நிறைவாக 1962இல் அவரையும் அவர் மனைவியையும் மறுபடி சிகாகோவுக்கு வரவழைத்தார்கள். 1971இல் எழுத்தாளர் பாப் ஷாவை பாஸ்டனுக்கும், 1975இல் எழுத்தாளர் பாப் டக்கரை மெல்பர்னுக்கும் அனுப்பியவையும் இப்படி ஒருமுறைக்கென்று திரட்டிய நிதிகள்தான்.

இதில் பெரிய வசதி, கண்டக் கணக்கோ விண்ணப்பத் தேதியோ இல்லை என்பது. இணையத்தில் ஒரு பக்கம் திறந்து ஒரே வாரத்தில் பணம் சேர்த்தவர்களும் உண்டு. ஆனால் இது மொய் மாதிரி. யாரும் வாய்திறந்து கேட்கமாட்டார்கள், ஆனால் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அடுத்து உங்கள் நண்பர் ஒருவருக்குத் திரட்டும்போது நீங்கள் கை விரிக்க முடியாது. திரட்டும் தளமும் தன் பங்காக ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்ளும், நாணய மாற்றில் இன்னும் கொஞ்சம் போகும்.

உங்களுக்காக நீங்களே திரட்டாமல், வேறொருவர் திரட்டினால் கௌரவமாகவும் இருக்கும், கேள்வியும் குறையும். போக முடியாமல் போனால் பணம் யாருக்குப் போகும் என்பதை முதல் நாளே எழுதிப் போட்டுவிட வேண்டும். இதை எழுதாமல் விட்டு, விசா மறுக்கப்பட்ட பிறகு நல்ல நட்புகள் கசந்துபோவதுண்டு.

இது யாருக்கு ஏற்றது: உங்களுக்காகப் பேச ஆள் இருந்து, காரணமும் தெளிவாக இருந்தால். விருதுப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது, மூன்று மாதத்தில் மாநாடு என்ற நிலையில் வேறு எந்த நிதியும் இந்த வேகத்துக்கு வராது.

## வீட்டிலிருந்தே பார்ப்பது

2020இல் நியூசிலாந்து வேர்ல்ட்கான் முழுக்க இணையத்தில் நடந்ததிலிருந்து, இணைய உறுப்பினர் என்ற வழியும் பல மாநாடுகளில் இருக்கிறது. நேரில் போகும் செலவில் இது மிகச் சிறு பகுதி. சியாட்டிலில் காலை பத்து மணிக் கலந்துரையாடல் சென்னையில் இரவு பத்தரைக்கு வரும். ஐந்து நாள் தூக்கத்தைத் தள்ளிவைக்கத் தயார் என்றால் நல்ல வழிதான். நடைபாதைப் பேச்சும் இரவு விருந்துகளும் கிடைக்காது. அந்த இரண்டுக்காகத்தான் பலரும் போகிறார்கள் என்பதால் இதை நேர் மாற்றாக நான் சொல்லமாட்டேன். இந்த வருடம் இதில் நாலு பேரைத் தெரிந்துகொண்டு அடுத்த வருடம் நேரில் போவது என்றால் சரியான முதல் படி.

## ஒரே பார்வையில்

| | டாஃப், டஃப், கஃப் | கான் ஆர் பஸ்ட் | மாநாட்டு நிதி | நண்பர்கள் நிதி |
|---|---|---|---|---|
| யார் கேட்கலாம் | அந்தந்தக் கண்டத்தில் வசிக்கும், ரசிகர் வட்டத்தில் அறியப்பட்டவர் | வெள்ளையரல்லாத ரசிகர், படைப்பாளி | குழு வகுக்கும் விதிப்படி | யாரும் |
| முடிவு யாருடையது | வாக்காளர்கள் | நிதியை நடத்துவோர் | மாநாட்டுக் குழு | கொடுப்பவர்கள் |
| எதை அடைக்கும் | பயணமும் அடிப்படைச் செலவும் | செலவில் ஒரு பகுதி | பெரும்பாலும் உறுப்பினர் கட்டணம் | திரண்ட அளவு |
| பின்வேலை | சுமார் 2 ஆண்டு நிர்வாகம், ஏலம், பயண அறிக்கை | இல்லை | பொதுவாக இல்லை | எழுதாத நன்றிக்கடன் |
| எதிர்பாராத செலவு | நேரம், பொதுவில் தோல்வி | விசா, மீதிப் பயணச் செலவு | விடுதி, பயணம் | தளக் கட்டணம், திருப்பித் தரும் சிக்கல் |

## உங்கள் நிலையில் நான் இருந்தால்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து முதல்முறை போவதென்றால், தேர்தல் நிதிகளை மறந்துவிட்டு மாநாட்டு நிதிக்கும் கான் ஆர் பஸ்டுக்கும் ஒரே நேரத்தில் எழுதுவேன். ஒன்று உள்ளே நுழையும் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும், மற்றது பயணத்தில் ஒரு பங்கை. இரண்டிலும் மற்றதைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுவேன். சொன்னால் வாய்ப்புக் குறையும் என்று பயப்பட வேண்டாம். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் வாங்குவதுதான் தவறு. அமெரிக்க விசா கைக்கு வரும் நம்பிக்கை இல்லாதவர்கள் ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ மாநாடு வரும் வருடத்துக்குக் காத்திருப்பது மேல்.

டொராண்டோவில் பத்து வருடமாக இருக்கிறீர்கள், உள்ளூர் மாநாட்டில் பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பிரிட்டிஷ் ரசிகர்கள் நாலைந்து பேரோடு எழுத்துப் பழக்கம் உண்டு என்றால், டாஃபுக்கு நில்லுங்கள். தமிழ் அறிவியல் புனைகதை என்று ஒன்று இருப்பதே தெரியாத கூட்டத்தின் நடுவே இரண்டு வாரம் சுற்றிவந்து பேச இதைவிட நல்ல வாய்ப்பு எது? முன்மொழிய வேண்டிய ஐந்து பேரில் கடல் தாண்டிய இரண்டு பேரை முதலில் பிடியுங்கள், அவர்கள்தான் கடினம். அந்த இரண்டு பேர் சுலபமாகக் கிடைக்கவில்லை என்றால் 20 சதவீதமும் கிடைக்காது, இன்னும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

அதே டொராண்டோக்காரருக்குக் கைக்குழந்தை இருந்தாலோ, இரண்டு வேலை பார்த்தாலோ, என் பதில் மாறும். டாஃபில் வென்றுவிட்டு நிர்வாகத்தைக் கைவிட்டால் அடுத்து போக வேண்டியவரின் பயணமே தள்ளிப்போகும். அந்த இரண்டு வருடத்தைத் தர முடியாதவர் நிற்காமல் இருப்பதே நிதிக்குச் செய்யும் நன்மை.

பணம் கேட்கும் நிலையில் இல்லை, கொஞ்சம் கொடுக்கும் நிலையில் இருக்கிறேன் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சில டாலர்களில் டாஃபுக்கு ஒரு வாக்குப் போடலாம். பெரிய தொகை என்றால் கான் ஆர் பஸ்டுக்குக் கொடுப்பேன், அங்கே ஒவ்வொரு நூறு டாலரும் ஒருவர் போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. உறுப்பினர் கட்டணம் கட்டிவிட்டுப் போக முடியாமல் ஆனவர்கள் அந்த உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்றித் தரலாம். மாற்றுவதற்குக் கடைசித் தேதி ஒன்று இருக்கும், பெரும்பாலும் மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்னால். அதற்குள் மாநாட்டு நிதிக்காரர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால், காத்திருப்போர் பட்டியலில் உள்ள யாருக்காவது அதை அவர்களே கொடுத்துவிடுவார்கள்.